தையல் கடைக்கு வந்த கொண்டையன்

அந்தத் தையல் கடையில் எல்லார் கழுத்திலும் ஓர் இஞ்ச் டேப்பு தொங்கும். துணி வெட்டும் அப்பா கழுத்தில் ஒன்று. மெஷின் மிதிக்கும் அம்மா கழுத்தில் ஒன்று. அண்ணனுக்குப் பட்டன் கட்டுவதோடு சரி, அளவெடுக்கும் வேலையே கிடையாது. ஆனாலும் அவன் கழுத்திலும் ஒன்று. அது இல்லாவிட்டால் கடைக்காரன் மாதிரி இருக்காதாம்.

கடைக்குட்டிக்கு வீட்டில் வைத்த பெயர் வாண்டு. போன பிறந்த நாளுக்கு அப்பா அவளுக்கும் ஒரு மஞ்சள் டேப்பு வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான், அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருநாயின் வாலை அளந்தாள். தூங்கும் அண்ணனின் மூக்கை அளந்து, நீளம் அதிகம் என்று ஊரெல்லாம் சொன்னாள். கண் விழித்ததும் டேப்பைக் கழுத்தில் போட்ட பிறகுதான் பல் விளக்கவே போவாள்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் வீடு. அங்கேதான் கொண்டையன் வந்து சேர்ந்தது.

கொண்டையன் சித்தி வளர்த்த பறவை. சாம்பல் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், உச்சந்தலையில் மஞ்சள் கொண்டை. சித்திக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் தங்கப்போகும் விடுதியில் பறவை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. இதை யாரிடம் விட்டுப்போவது என்று சித்தி கண்கலங்கியபோது, முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து, "நான் பார்த்துக்கிறேன் சித்தி" என்று சொன்னவள் வாண்டுதான்.

சித்தி வீட்டில் தோளில் ஏறிக்கொண்டு நாள் முழுக்கச் சீட்டியடித்த பறவை அது. இங்கே வீட்டுக்கும் கடைக்கும் நடுவில், வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் அதன் கூண்டை வைத்தார்கள். வந்ததிலிருந்து அது வாயே திறக்கவில்லை. யாராவது கூண்டுப் பக்கம் போனால் போதும், கம்பியில் முட்டி மோதி, மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். வீட்டு ஆட்கள் கண்ணில் பட்டால் ஒரு தினைகூடத் தொடாது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெஷின் சத்தம்தான் என்றார் அப்பா. ஆள் உயரக் கண்ணாடிதான் என்றாள் அம்மா. உடனே கண்ணாடிக்குப் போர்வை போர்த்தினார்கள். புதுச் சட்டை போட்டுப் பார்க்க வந்த ஒருவர் அந்தப் போர்வைக்கு முன்னால் நின்று பழக்கதோஷத்தில் தலைசீவிவிட்டுப் போனார். வாண்டு வாயை மூடினாலே பறவைக்குப் பாதி பயம் போய்விடும் என்றான் அண்ணன். ஒன்றும் பலிக்கவில்லை.

கொண்டையன் இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"அது நம்மகிட்ட இருக்கிறது அதுக்கு நல்லதா படலம்மா. ஞாயித்துக்கிழமை பறவைக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அவர்கிட்ட பெரிய கூண்டு இருக்கு, துணைக்குப் பறவைங்களும் இருக்கு."

வாண்டு தட்டைத் தள்ளி வைத்தாள். தினமும் சித்தி போனில் கேட்கும்போதெல்லாம், "சூப்பரா இருக்கு சித்தி" என்று அவள் புளுகியிருக்கிறாள். இனி எந்த முகத்தோடு பேசுவாள்? அதைவிட, இந்த வீடு பிடிக்கவில்லை என்று ஒரு பறவை நினைப்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் இன்னொரு கூத்து நடந்தது. துணி கொடுக்க வந்த ஓர் அம்மா இடுப்பில் வைத்திருந்த பாப்பா, கூண்டுக்குள் விரலை நீட்டியது. கொண்டையன் பயப்படவில்லை. பக்கத்தில் வந்து அந்த விரலை மெல்லக் கொத்திப் பார்த்தது. வாண்டுக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் தண்ணீர் வைத்தது யார், கூண்டைக் கழுவியது யார்? இன்றைக்கு வந்த பாப்பாவிடம் கொஞ்சலா?

விடை கிடைத்தது அடுத்த நாள் காலையில். குளித்துவிட்டு, தலையில் துண்டோடு வாண்டு கூண்டைக் கடந்து போனாள். கொண்டையன் தினை கொறித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பவும் கொறித்தது.

வாண்டு அப்படியே நின்றாள். பிறகு சந்தோஷம் தாங்காமல் குளியலறைக்கு ஓடி, ஆணியில் மாட்டியிருந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்ல ஓடிவந்தாள். கூண்டருகே வந்தாளோ இல்லையோ, கொண்டையன் படபடவென்று அடித்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது.

அவள் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். டேப்பின் இரண்டு நுனிகளும் நீளமாய், ஒல்லியாய், நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தன.

"பாம்பு" என்றாள். அவள் வாழ்க்கையிலேயே மெதுவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கே, டேப்பைக் காட்டு, பயப்படுகிறதா என்று பார்ப்போம் என்றான். வாண்டு டேப்பைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மாட்டேன். நீ நம்பலைன்னா போ. உனக்குக் காட்டுறதுக்காக அதை மறுபடியும் அழ வைக்கணுமா?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. அப்பா கத்தரியைக் கீழே வைத்தார். தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, மேசை இழுப்பறையில் போட்டார். அம்மாவும் போட்டாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். வாண்டின் மஞ்சள் டேப்பும் உள்ளே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரை அளவெடுக்க மட்டும்தான் டேப்பு, அதுவும் கூண்டுக்குத் தெரியாமல் என்று முடிவாயிற்று.

அப்பா பாடுதான் திண்டாட்டம். வந்தவரைக் கையை விரிக்கச் சொல்லுவார், தன் கழுத்தைத் தடவுவார், ஒன்றும் இருக்காது, இழுப்பறைக்கு ஓடுவார். வந்தவர் காக்கை விரட்டும் பொம்மை மாதிரி கையை விரித்தபடியே நிற்பார்.

டேப்பு போனதும் பறவை ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று வாண்டு நினைத்தாள். அதெல்லாம் நடக்கவில்லை. அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தூரத்திலிருந்து சந்தேகமாகப் பார்த்தது. அவள் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கூப்பிடவில்லை, தொடவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு உள்ளங்கையில் தினையை வைத்துக் கூண்டு வாசலில் நீட்டினாள். கை மரத்துப்போகும்வரை நீட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை கொண்டையன் எட்டி ஒரே ஒரு தினையை எடுத்துக்கொண்டு பின்னால் போயிற்று. அதற்கே அவள் தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தாள்.

சனிக்கிழமை காலையில் எல்லாம் கெட்டது. அப்பா அளவெடுத்துவிட்டு டேப்பை மறந்து மேசைமேல் போட்டிருந்தார். தூக்கக் கலக்கத்தில் வாண்டின் கை தானாக அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டது. கூண்டுக்கு முன்னால் போய்க் குனிந்த பிறகுதான் உறைத்தது. கொண்டையன் அலறியடித்து மோதியதில் ஓர் இறகு கழன்று விழுந்தது.

வாண்டு டேப்பை வீசிவிட்டு, துணி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். நாளைக்குப் பெட்டியோடு ஆள் வந்துவிடுவார். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு உன்மேல கோபம் இல்லடா, பயம்தான். பயத்தை மறுபடியும் போக்கலாம்."

வாண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முக்காலியைத் தூரத்தில் போட்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கூண்டைத் திறந்து வைத்தாள். வெட்டும் மேசைமேல் தினையோடு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பறவைக் கடைக்காரர் காற்றோட்டத் துளை போட்ட பெட்டியோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தவரை, சத்தம் போடாமல் உட்காரும்படி அப்பா ஜாடை காட்டினார்.

வெகுநேரம் கழித்துக் கொண்டையன் கூண்டு வாசலுக்கு வந்தது. எட்டிப் பார்த்தது. மேசையில் குதித்தது. வெட்டி வைத்திருந்த துணிமேல் பெரிய மனிதர் மாதிரி நடந்தது. அவள் கையில் இருந்த தினையை நிதானமாகத் தின்று தீர்த்தது. பிறகு சட்டைக் கையைப் பிடித்து ஏறி, தோளில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூங்க ஆரம்பித்தது.

வாண்டு மூச்சுகூடச் சரியாக விடவில்லை. பறவைக் கடைக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது" என்று கிசுகிசுத்தார். "பயம் உள்ளுக்குள்ள இருந்தா, சின்னச் சத்தத்துக்கே பறந்து கூண்டுக்குள்ள போயிடும்."

அந்த நேரம் பார்த்துக் கொண்டையனின் இறகு வாண்டின் மூக்கில் உரசியது. மூக்கு நமநமத்தது. அவள் கண்ணை உருட்டினாள், உதட்டைக் கடித்தாள், அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். அம்மா இரண்டு கையாலும் தன் மூக்கைப் பொத்திக் காட்டினாள். அதற்குள் தும்மல் வந்துவிட்டது. சாதாரணத் தும்மலா அது? மெஷின்மேல் இருந்த நூல்கண்டு உருண்டு கீழே விழுந்தது.

கொண்டையன் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. பக்கத்தில் இருந்த காதைப் பார்த்தது. நீதானா என்பதுபோல் இன்னும் கொஞ்சம் அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, மறுபடியும் தூங்கிவிட்டது.

பறவைக் கடைக்காரர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலில் விட்ட செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் தெருவில் இறங்கி நடந்தார்.