மாத்திரைக்கு முன் ஒரு ஸ்பூன்

பெருங்களத்தூர் வீட்டின் முன்னறைக் கட்டிலில் வேதசிரோமணி இறந்து கிடந்தார். லாரி மோதி முதுகெலும்பு ஒடிந்ததிலிருந்து சிறுநீர் போக டியூப்தான். அதனால் அடிக்கடி தொற்று வரும். இந்த முறை ரத்தத்தில் ஏறிக் கொன்றுவிட்டது.

சாவில் யாருக்கும் சந்தேகமில்லை, டாக்டர் ஜெயவேலுவைத் தவிர. அவர் சான்றிதழ் தர மறுத்து இன்ஸ்பெக்டர் லோகநாயகியை அழைத்தார்.

“இது நான் எழுதின மாத்திரைக்கு அடங்குற கிருமி மேடம். எந்த மருந்துக்குக் கிருமி சாகும்னு சொல்ற கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்துதான் எழுதினேன். பின்ன ஏன் காய்ச்சல் ஏறிக்கிட்டே போச்சு?”

கட்டிலடியில் மாத்திரை அட்டைகள் காலியாகக் கிடந்தன. இறந்தவரின் மனைவி தபீதாள் பக்கம் லோகநாயகி திரும்பினாள்.

“மாத்திரை குடுத்தீங்களா?”

“வேளை தவறாம.”

“துப்பிட்டாரா?”

“இல்ல மேடம். வயிறு எரியுதுன்னாரு. அதனால இந்த சிரப் ஒரு ஸ்பூன் குடுத்து, கையோட மாத்திரையையும் போட்டுடுவேன்.”

“ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை?”

“இவர் தம்பி ஃபிரெடி, ‘மாத்திரை கோர்ஸ் முடியட்டும் அண்ணி’ன்னாரு. மெடிக்கல் ஷாப் வெச்சிருக்காரு. சிரப்பும் அவர் குடுத்ததுதான்.”

டாக்டரின் சீட்டில் சிரப் இல்லை. லோகநாயகி பாட்டிலை எடுத்துப் போய் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

போஸ்ட்மார்ட்டமும் அடக்கமும் முடிந்து ஃபிரெடியின் கடை திறந்ததும், சீருடை இல்லாமல் சாதாரணச் சேலையில் வந்த கான்ஸ்டபிள் காமு அதே மாத்திரையையும் சிரப்பையும் கேட்டாள்.

“எங்க வூட்டுக்காரருக்கு சார். ரெண்டையும் ஒண்ணா குடுக்கலாமா?”

“ஐயோ, சேத்துக் குடுக்காதீங்கக்கா! மாத்திரை உடம்புல ஏறாது. மொதல்ல மாத்திரை, ரெண்டு மணி நேரம் கழிச்சு சிரப்.”

“இத உங்க அண்ணிகிட்ட ஏன் சொல்லலை ஃபிரெடி?” பக்கத்து டீக்கடையிலிருந்து லோகநாயகி வந்து நின்றாள். “எல்லாரும் விஷத்தைத் தேடுவாங்க. நீங்க விஷமே வைக்கலை. சிரப்புல இருக்கிற அலுமினியம் மாத்திரையை வயித்துலயே கட்டிப்போட்டுடுச்சு. கிருமிய அது பாட்டுக்கு வளர விட்டீங்க.”

ஃபிரெடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “பூர்வீக வீடு மேடம். பில்டர் வந்து நிக்கிறான். படுத்த படுக்கையா கெடந்தும் கையெழுத்து மட்டும் போட மாட்டேன்னாரு. அண்ணின்னா நான் சொன்னா போட்டுடுவாங்க.”

தபீதாளிடம் விஷயத்தைச் சொல்ல லோகநாயகியே போனாள். கேட்டு முடித்தவள் காலிக் கட்டிலைப் பார்த்தபடி சொன்னாள்.

“அவரு சிரப்பு வேணாம்னுதான் சொன்னாரு மேடம். குமட்டுதுன்னாரு. நாந்தான் தாடையப் புடிச்சு ஊட்டினேன்.”

உங்கள் மேல் குற்றமில்லை என்று லோகநாயகி இரண்டு முறை சொன்னாள். தபீதாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.