பாஸ்வேர்ட் கேட்காத பெட்டி

பிணம் வெனிலா நிறத்தில் இருந்தது. குளிர்அறைக் கதவின் அடியிலிருந்து நெளிந்து வந்து, நடைவழியைக் கடந்து, முதலாளி அறை வாசலில் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. எண்ணூறு டப்பா ஐஸ்கிரீம்.

மாலை 4.00. பெண் ஆய்வாளர் குட்டையைத் தாண்டப் பார்த்தார், பூட்ஸ் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷ சர்வீஸில் ரத்தத்தில் வழுக்கியிருக்கிறார். சர்க்கரைப் பாகில் சிக்கியது இதுதான் முதல் தடவை.

கூடி நின்ற ஊழியர்கள் முன்னால், கேஸை முதலாளி ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார்.

"மெக்கானிக்தாம்மா. கூட்டிட்டுப் போங்க. குளிர்அறை பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு இவன். இன்னொருத்தர் நம்ம ஆலோசகர்."

கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் கைத்தட்டலுக்குக் காத்திருப்பவர்போல் தலையைச் சாய்த்தார். "11.40-க்கு யாரோ பனி உருக்குற ஹீட்டரை வைஃபை பெட்டி வழியா ஓடவிட்டிருக்காங்க. அந்த நேரம் நான் இங்க கூட்ட அறையில நாற்பது பேர் முன்னாடி உரையாற்றிக்கிட்டிருந்தேன். தலைப்பு, 'ஆபத்து நம் வாசலில்'."

"சொன்ன நேரத்துக்கு வந்துருச்சே," என்றார் ஆய்வாளர்.

"அருமையான பேச்சும்மா," என்றார் முதலாளி. "நடுவுல நெட் போயிடுச்சு. வெளியூர்ல இருந்து வீடியோவில பாத்துக்கிட்டிருந்த என் மாப்பிள்ளை மூஞ்சி, வாயைத் திறந்தபடியே நின்னுபோச்சு. உள்ள மொபைல் நெட் எடுக்காது, எங்க போன்ல ஒண்ணும் ஓடல. இவர் அசரலையே! திரையில படம் படமா ஓட்டிக்கிட்டே இருந்தார். தனிப் பாதுகாப்புத் துறை வேணும்னு கேட்டார், நான்தான் அடுத்த வருஷம்னு தள்ளிட்டேன். என் தப்பு."

"என் படங்கள் கம்ப்யூட்டர்ல இல்ல, நெட்லதான் இருக்கு," என்றார் ஆலோசகர். "இந்தக் கட்டடத்துல வயரையே ஒழிச்சுட்டேன். வயர்ங்கறது போன தலைமுறை."

மெக்கானிக் ஸ்டூலில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான்.

"11.40-க்கு எங்க இருந்தே?"

"கம்ப்ரஸருக்கு ஆயில் மாத்திக்கிட்டு இருந்தேங்கம்மா."

"சாட்சி?"

"கம்ப்ரஸர்தான்."

"அறை சூடானா மணி அடிக்காதா?"

"அதுவும் அதே வைஃபை பெட்டி வழியாத்தாங்கம்மா வரணும்."

தீயணைப்பு வண்டியைத் தீப்பிடித்த வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைத்த புத்திசாலித்தனம். ஆய்வாளர் பல்லைக் கடித்தார்.

"வேலை போனா போகுதுங்கம்மா," என்றான் அவன். "போலீஸ் கேஸுன்னு ஆயிட்டா, எவன் என்னை வீட்டுக்குள்ள விட்டு ஃபிரிட்ஜைத் தொட விடுவான்?"

மாலை 4.35. கூட்ட அறையில் நுழைந்ததுமே ஆய்வாளர் ஒரு மஞ்சள் வயரில் தடுக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தும்மா!" என்றாள் பெருக்குகிறவள். "காலையில என்னையும் கவுத்துச்சு. நேத்துவரைக்கும் இல்லாத சனியன். சுவர்லேர்ந்து பேச்சு மேஜைவரைக்கும் டேப்பு போட்டு ஒட்டி வச்சிருக்கு."

அடுத்து, வைஃபை பெட்டி தயாரித்த கம்பெனிக்குப் போன். 'நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர்' என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. முக்கியமானவரை இவ்வளவு நேரம் ஏன் பாட்டு கேட்கவைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்தாள். மாடல் எண்ணைக் கேட்டதும், "அதுவா? ஐயோ!" என்றாள். அன்றைக்கு ஆய்வாளர் காதில் விழுந்த முதல் நேர்மையான சொல் அது.

"அதுல பெரிய ஓட்டை மேடம். பாஸ்வேர்டே வேணாம். உங்க நெட்வொர்க்குல இருக்கிற யார் ஒரு வரி கட்டளை அனுப்பினாலும், யாரு என்னன்னு கேக்காம செஞ்சுடும். எச்சரிக்கை அனுப்பி ரெண்டு மாசமாச்சு. அடைக்க மென்பொருளும் குடுத்துட்டோம்."

"அனுப்பினா வேற என்ன ஆகும்?"

"பெட்டி படுத்துடும். கட்டடத்துல வைஃபையே கொஞ்ச நேரம் இருக்காது. சமயத்துல சென்சாரெல்லாம் திரும்ப வைஃபையில ஒட்டாது."

மாலை 5.20. எல்லோரும் கூட்ட அறையில்.

"வந்ததுலேர்ந்து பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட்னு என் உயிரை எடுத்தீங்க," என்றார் ஆய்வாளர். "கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி யார்கிட்டன்னு தேடியிருக்கோம். இங்க யார் வேணும்னாலும், பேசிக்கிட்டே ஒரு வரி தட்டிக்கூட, அந்த ஹீட்டரைப் போட்டிருக்கலாம். ஆனா போட்டதும் வைஃபை சாகும்னு ஒருத்தருக்குத்தான் முன்னாடியே தெரியும். மாப்பிள்ளை நின்னார், போனெல்லாம் நின்னுச்சு. நெட்லேர்ந்து வர்ற படம் மட்டும் எப்படி சார் ஓடுச்சு?"

ஆலோசகர் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை மாதிரியே நின்றார்.

"வயரை ஒழிச்ச மனுஷன், இன்னைக்கு மட்டும் எதுக்குச் சுவர்லேர்ந்து நேரா நெட் வயர் போட்டுக்கிட்டீங்க? ரெண்டு மாசமா ஓட்டையை எதுக்கு அடைக்காம வச்சிருந்தீங்க?"

"அது... செயல்முறை விளக்கம்," என்றார் அவர் மெல்ல. "பேச்சு முடிவுல ஹீட்டரை நானே நிறுத்திக் காட்டி, பாத்தீங்களான்னு... குளிர்அறை திரும்ப வைஃபையில ஒட்டவேயில்ல, நிறுத்த முடியல."

"உடனே இவன்கிட்ட போய் வாயால சொல்லியிருந்தா ஐஸ்கிரீமாவது மிஞ்சியிருக்கும். அதைவிட்டுட்டு இவன் தலையில கட்டினீங்க."

முதலாளி மெக்கானிக் பக்கம் திரும்பினார். "சரிப்பா, ஏதோ புரிதல்ல கோளாறு. போய் அறையைக் குளிர வை."

"அப்படியே விட்டுருவீங்களா சார்?" என்றார் ஆய்வாளர். "இத்தனை பேர் முன்னாடி இவனைக் கூட்டிட்டுப் போங்கன்னீங்க. இத்தனை பேரும் இங்கேயேதான் இருக்காங்க."

முதலாளி தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். முள்ளைத் துப்புவதுபோல், "மன்னிச்சிடுப்பா," என்றார்.

மெக்கானிக் காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

"கொஞ்சம் சத்தமாங்க, முதலாளி. நாள்பூரா கம்ப்ரஸர் பக்கத்துல இருக்கிற காது."