உப்பு வைக்காத இலை

“நான் சொன்னது கோழி!”

காளிச்சாமி பின்வாசலில் நின்றபடி சொன்னார். தோளில் துண்டு, கையில் பல்பொடி. கண் மட்டும் மனைவி மயிலாத்தாளின் கையிலிருந்த மீன் மேல் இருந்தது.

“ஆமாங்க…” என்றாள் அவள், நிமிராமல். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கல்லில் கட்லா மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கவுச்சி எதுவும் அடுப்படிக்குள் நுழையாது. அதற்கென்று வெளியே தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. பட்டறை வைத்து, டி.வி. வாங்கி, போன் இழுத்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

“பொறவு மீனு எதுக்கு? என்ற தங்கச்சியும் மாப்பிளையும் கல்யாணப் பத்திரிகை வெக்க வாராங்க. தாய்மாமன் ஊட்டுல மொதல் பத்திரிகை! ஒறம்பரைக்கு நாட்டுக்கோழி அடிக்காம, அணை மீனைக் கழுவிட்டு இருக்கறே…”

“மீனு லேசா இருக்குமுங்க. ஒடம்புக்கும் நல்லதுங்க.”

“உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு யாரு போனா?”

“நான்தானுங்க. ஆறு மணி பஸ்ஸுக்குப் போனேன்.”

“தனியாவா?”

அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருந்தது. மயிலாத்தாளுக்குக் கை நின்றுவிட்டது. “தனியாத்தானுங்க” என்று சொன்னபோது அவர் அங்கே இல்லை. அடுப்படிக்குள் போயிருந்தார். அலமாரியில் இருந்த எவர்சில்வர் கேரியரை எடுத்து, திருப்பிப் பார்த்து, மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது.

“இதோட மூடி எங்கே?”

“எங்கியோ தவறிப்போச்சுங்க…”

“தவறிப்போச்சா… சரி!”

அந்தச் ‘சரி’யைக் கேட்டதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. மூன்று வாரமாகவே இப்படித்தான். தெருமுனை மளிகைக்கடைக் கண்ணையா ஒருநாள் காளிச்சாமியிடம் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்: “ஊட்டுல அம்மா தெனமும் பதினோரு மணி பஸ்ஸுக்குக் கேரியரோட போறாங்களே… ஒறம்பரை யாராச்சும் டவுன்ல தங்கியிருக்காங்களா?” அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர், “இன்னிக்கு எங்காச்சும் போனியா?” என்றார். “கோயிலுக்குங்க” என்றாள். கோயிலுக்கு யாராவது நாலு அடுக்குக் கேரியரில் சோறு கொண்டுபோவார்களா! அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார். புடவை மடிப்பைப் பார்த்தார், செருப்புத் தூசியைப் பார்த்தார், போன் அடித்தால் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தார். இருபத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷன், வீட்டுக்குள்ளேயே வேவு பார்த்தார்.

அவள் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் சத்தியம் செய்திருந்தாளே!

இதற்கெல்லாம் முன்னால் ஒருநாள் போன் செய்தது காளிச்சாமியின் தங்கை சுலோச்சனாவின் புருஷன் பொங்கியண்ணன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மனுஷன். காய் வியாபாரமாகப் பாலக்காடு போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவருக்கு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டது. யாரோ புண்ணியவான் டவுனுக்குள்ளேயே ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். மயிலாத்தாள் அடித்துப் புரண்டு ஓடினாள். கட்டிலில் கிடந்த அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அம்மணி… ஒருத்தருக்கும் தெரியப்படாது. மச்சானுக்குக்கூட! அவரு காதுக்குப் போனா சுலோச்சனா காதுக்குப் போயிரும். அவ ஊரைக் கூட்டிருவா. அடுத்த மாசம் லோகப்பிரியாளுக்குக் கல்யாணம். அப்பனுக்கு இருதய நோவுன்னா தொண்டாமுத்தூர்ச் சம்பந்தி ஊட்டுக்காரங்க யோசனை பண்ணுவாங்க. எம்மவ கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் நானே சொல்றேன். கோனியம்மன் மேல சத்தியம் பண்ணுங்க!”

பண்ணினாள். ஒன்பது நாள் சோறு கொண்டுபோனாள். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு டாக்டர் அவரிடம் சொன்னதைவிட அவளிடம்தான் அதிகம் சொன்னார்: எண்ணெய் ஆகாது, தேங்காய் ஆகாது, உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது, மீன் சாப்பிடலாம், வறுக்காமல்.

அதனால்தான் மீன். அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் கேள்வி வரும். எல்லோருக்கும் ஒரே சமையல் என்றால் கேள்வி வராது என்பது அவள் கணக்கு. கஞ்சத்தனம் என்று பேர் வரும், வரட்டும்! இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பேர்தான் பாக்கி.

மாலை நாலு மணிக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பொங்கியண்ணன் இளைத்திருந்தார். மயிலாத்தாளை நேராகப் பார்க்காமல் “நல்லா இருக்கீங்களா அம்மணி?” என்றார். அவர் பார்வையைத் தவிர்த்ததைச் சுலோச்சனா கவனித்தாள். அவளுடைய வலது கையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசி, இடது கையில் இறுக்கிப் பிடித்த மஞ்சப்பை.

“வா கண்ணு… பொண்ணு எப்படி இருக்கறா?” என்று கன்னத்தைத் தொடப் போனாள் மயிலாத்தாள். சுலோச்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இருக்கறாளுங்க நங்கையா.”

மயிலாத்தாளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்பது முறைதான். ஆனால் தனியாக இருக்கும்போது சுலோச்சனா அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். தாயில்லாத பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இவள் கையில் வந்தவள். இவள்தான் தலை வாரிவிட்டாள், சமைந்தபோது மஞ்சள் நீர் ஊற்றினாள், கல்யாணத்தன்று தன் கழுத்துக் காசுமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாத குறையை இந்த ஒருத்தியில்தான் மறந்திருந்தாள்.

“பத்திரிகையை வெச்சுரு அம்மணி, வெளக்குப் பொருத்தியிருக்கறேன்” என்றாள்.

“சாப்பிட்டுட்டு வெக்கறேன்” என்றாள் சுலோச்சனா. அண்ணனும் தங்கையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். பட்டறைப் பக்கம் போய் அரைமணி நேரம் ஏதோ பேசிவிட்டும் வந்தார்கள். வரும்போது காளிச்சாமியின் முகம் கறுத்துக் கிடந்தது.

மயிலாத்தாள் வெளியடுப்பில் மீனோடு உட்கார்ந்திருந்தாள். மண்சட்டியில் சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்காமல் வெந்து குழைந்தன. கொஞ்சமாய்ப் புளி, மல்லித்தூள், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. சதைத் துண்டுகளில் பூண்டும் மிளகும் அரைத்துத் தடவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, வாழை இலையில் மடித்து ஆவியில் வைத்தாள். தாளிக்கவில்லை. உப்பும் போடவில்லை. இலையின் ஓரத்தில் வைக்கிற உப்பை அவரவர் தொட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும், ஒரு இலைக்கு மட்டும் வைக்காமல் விட்டுவிடலாம் என்பது அவள் யோசனை. மூன்று வாரம் தூங்காத பொம்பளையின் யோசனை வேறெப்படி இருக்கும்!

விளக்கு வைத்த கையோடு மூன்று இலை போட்டாள். காளிச்சாமி இலைக்கு உப்பு. சுலோச்சனா இலைக்கு உப்பு. பொங்கியண்ணன் இலையைத் தாண்டிச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்தாள்.

“நில்லுங்க!”

சுலோச்சனாவின் குரல் சுவரில் மோதித் திரும்பியது.

“எம்புருசன் எலைக்கு உப்பு எங்கே?”

“அது… மறந்து…”

“மறக்கலே! பாத்துட்டுத்தான் இருந்தேன், வேணும்னே தாண்டிப் போனீங்க. சாவு ஊட்டு எலைக்குத்தான் உப்பு வெக்கமாட்டாங்க. கல்யாணப் பத்திரிகை கொண்டாந்தவருக்கு இப்படியொரு எலையா? இல்லே… உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உப்பு வெக்காத அளவுக்கு வேற ஏதாச்சும் இருக்குதா?”

“சுலோச்சனா!” என்று பொங்கியண்ணன் எழப்போனார்.

“உக்காருங்க! பத்திரிகை கேட்டாங்களே, வெக்கறேன்.” மஞ்சப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்துத் தரையில் வைத்தாள். அதன் மேல் ‘டங்’கென்று இன்னொன்றை வைத்தாள்.

கேரியர் மூடி. வாங்கிய அன்றே கடைக்காரர் வெட்டிக் கொடுத்த பேரும் ஊரும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. கா. மயிலாத்தாள், கணபதி.

“பாலக்காடு போயிட்டு வந்தவரோட பையில இது எப்படி வந்துச்சு? ஊட்டுக்கு வந்ததுல இருந்து நான் ஆக்கற சோத்துல ரெண்டு வாய்க்கு மேல எறங்கமாட்டேங்குது இவருக்கு. குழம்புல தேங்காயாம், எண்ணெயாம், நொட்டை! யாரு கைச்சோறு ருசிச்சுப்போச்சுன்னு இப்பத்தான் தெரியுது! அண்ணனும் சொல்லிப்போட்டாரு… தெனமும் பதினோரு மணி பஸ்ஸாமே! ஒரு புள்ளை பெத்திருந்தா இன்னொருத்தி குடும்பத்தோட அருமை தெரிஞ்சிருக்கும்…”

மயிலாத்தாள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சோற்றுப் பாத்திரத்தை மட்டும் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். ‘போதும் நிறுத்து’ என்று தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்வாரா… காளிச்சாமி அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு மயிலா… கோயிலுக்குன்னு சொன்னியே. எந்தக் கோயிலு?”

அவள் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினாள். மகளின் பேர் அச்சடித்த பத்திரிகை காலடியில் கிடக்க, அவருக்கு வாய் வரவில்லை. கோழை மனுஷன். ஆனால் மகளைப் பெற்ற கோழை. அவளுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

“எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

“இருக்காது! எப்படி இருக்கும்?” சுலோச்சனா, இலை போடுவதற்குச் சற்று முன் வெளியடுப்பில் கொதிக்கவைத்து எடுத்துவந்திருந்த தூக்குப்போசியைத் திறந்தாள். தேங்காய் அரைத்து ஊற்றிய கோழிக்குழம்பு, மேலே விரல்கடை எண்ணெய். “இந்தூட்டு மீனு எங்களுக்கு வேண்டாம். அண்ணனுக்குன்னு ஆக்கிக் கொண்டாந்தேன், நீங்களும் தின்னுங்க. எங்கண்ணு முன்னால, நான் ஆக்குனதை, எலை வழிச்சுத் தின்னுங்க. தின்னாத்தான் நீங்க எம்புருசன்!”

ஒரு கரண்டி மொண்டாள். பொங்கியண்ணன் மெதுவாகச் சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கை அள்ளி இலையில் பரப்பினார். அவர் தின்னத் தயாராகிவிட்டார் என்பது மயிலாத்தாளுக்குத் தெரிந்தது. ரகசியத்தைக் காப்பாற்ற அந்தக் குழம்பைக் குடித்துவிட்டு இரவெல்லாம் மார்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்.

“ஊத்தாதே!”

பாய்ந்து வந்து கரண்டியைப் பிடித்தாள். சூடு ஆறாத குழம்பு அவள் மணிக்கட்டில் வழிந்தது. விடவில்லை.

“என்னைய என்ன வேணாலும் சொல்லு கண்ணு… ஊட்டை விட்டுப் போன்னு சொல்லு, இப்பவே போறேன். இதை மட்டும் அவருக்கு ஊத்தாதே… உன்ற காலைப் புடிக்கறேன்…”

தன் மானம் போனபோது வாயைத் திறக்காதவள் ஒரு கரண்டிக் குழம்புக்குக் கதறினாள். சுலோச்சனா திகைத்துப்போனாள்.

அப்போதுதான் பொங்கியண்ணனுக்குக் குரல் வந்தது. வேட்டி மடிப்பை அவிழ்த்து, சின்ன மாத்திரைப் புட்டியை எடுத்து மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மார்வலி வந்தா நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரை… நான் பாலக்காடு போகலே சுலோச்சனா. ஒம்போது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தேன். எம்மவ கல்யாணம் நின்னுபோயிரும்னு அம்மணிகிட்டச் சத்தியம் வாங்கிட்டேன். உப்புப் போட்டா நான் செத்துப்போவேன்னு பயந்துக்கிட்டுத்தான்… அந்த மகராசி உப்பு வெக்காத எலையைப் போட்டாங்க!”

சுலோச்சனாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. புருஷனின் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மயிலாத்தாளின் சிவந்த மணிக்கட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், அப்படியே அவள் மடியில் விழுந்துவிட்டாள்.

“அம்மா… அய்யோ அம்மா… என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்! புள்ளை இல்லேன்னு சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும்… நானிருக்கறேனே… நான் உன்ற புள்ளைதானே…”

“அழுவாதே கண்ணு… நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா…” மயிலாத்தாளின் கண்ணீர் அவள் உச்சந்தலையில் சொட்டியது. அப்பா, எத்தனை வருஷமாயிற்று அந்தத் தலையைத் தடவி!

சிறிது நேரத்துக்குப் பின் சுலோச்சனா எழுந்தாள். தன் இலையிலிருந்த உப்பை வழித்து ஜாடியிலேயே போட்டாள். அண்ணன் இலையிலிருந்ததையும் கேட்காமல் வழித்தாள். “இனி எங்கூட்டுல எல்லாருக்கும் இதே சமையல்தான்.” பிறகு பத்திரிகையை எடுத்து மயிலாத்தாள் கையில் வைத்தாள். “மொதல் பத்திரிகை உனக்குத்தான். இதுக்காகக் கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போகுது.”

“நிக்காது” என்றார் காளிச்சாமி. “நாளைக்குத் தொண்டாமுத்தூருக்கு நானே போயிச் சொல்றேன். மறைச்சாத்தான் தப்பாப்போகும்.”

சொல்லிவிட்டு எழுந்து போனார். நாலாவதாக ஒரு இலையை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து, மயிலாத்தாளுக்கு முன்னால் போட்டார். வாழ்க்கையில் ஒருநாளும் யாருக்கும் பரிமாறாத மனுஷன், சோற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடு இலையில் கொட்டினார்.

“மயிலா… நான் ஒரு…”

“வேண்டாமுங்க.” அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை. “நீங்க கேட்டப்போ பொய் சொன்னது நானுங்க. அதைய நீங்க நம்பாதது செரிதானுங்க. ஆனா பொய்யை நம்பாட்டியும்… என்னைய நம்பியிருக்கலாமுங்க.”

காளிச்சாமி ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து, அவள் இலையின் ஓரத்தில் வைத்தார்.

அவள் அந்த உப்பைத் தொடாமல் சோற்றைப் பிசைந்தாள். ஆறிப்போன மீன்தான். நாலு பேரும் சாப்பிட்டார்கள். உப்புக் குறைச்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை.