கடைசி வசனம் பாக்கி

ரயில் நிலையத்திலிருந்து நாடக அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். கடற்கரைச் சாலையில் ஐஸ்கிரீம் கடைகள் எல்லாம் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்தன. பெரில் ஆஸ்பினால் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு, முகத்தில் அடித்த உப்புக்காற்றைத் திட்டிக்கொண்டே நடந்தாள். வழியில் ஒரு தெரு பிரிந்தது. அந்தப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிட்டாள்.

அரங்கத்தின் பின்வாசலில் காவலாளி டெரெக் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"நீங்க செத்துட்டீங்களே," என்றான்.

"ஆமாப்பா. ரொட்டி லாரியில அடிபட்டு."

"எங்கம்மா அன்னைக்கு டீயைக்கூடத் தொடல."

"உங்கம்மாவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு. சாவியை எடு."

இது அவளுக்குப் பழகிப்போன விசாரிப்பு. செவ்வாய்க்கிழமை இரவுத் தொடரில் பத்தொன்பது வருஷம் நர்ஸ் டாலியாக வந்தவள் அவள். நாட்டில் பாதிப் பேர் அவளை டாலி என்றே கூப்பிட்டார்கள். கடைசியில் புதிதாக வந்த தயாரிப்பாளர் ஒருவர் டாலியை ரொட்டி லாரிக்கு அடியில் தள்ளிவிட்டார். நாடே அழுதது. அடுத்த வாரம் நாடு வேறு தொடருக்குப் போய்விட்டது. பெரிலுக்கு மட்டும் போக இடமில்லை. கிழவி வேஷம் ஒன்று, அதுவும் மேடையில், அதுவும் இந்த ஊரில் என்று அழைப்பு வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே இருட்டு. ஈர மரமும் பழைய பவுடரும் கலந்த அதே வாசனை. மேடை நடுவில் ஒரு கம்பின் உச்சியில் ஒற்றை பல்ப் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் போன பிறகு அரங்கம் முழு இருட்டாக இருக்கக்கூடாது என்பதற்காக வைக்கும் விளக்கு அது. டெரெக் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேடை விளக்குகளைப் போட்டான்.

மேடையின் இடது ஓரத்தில், திரைக்குப் பின்னால், ஒரு சின்ன மர முக்காலி இருந்தது. நடிகர்கள் வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பவர் உட்காரும் மூலை அது. பெரில் அதைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை இழுத்தாள்.

ஒத்திகையின் முதல் நாளே வசனம் மறந்தது.

மறக்காமல் என்ன செய்யும்? தொலைக்காட்சியில் காலையில் மனப்பாடம் செய்து மதியம் பேசி மாலையில் மறந்துவிடலாம். இங்கே முழு நாடகத்தையும் மண்டையில் சுமக்க வேண்டும். கதையில் அவள் ஒரு மீனவர் வீட்டுத் தாய். மகள் கப்பலேறி அயல்நாடு போகிறாள். மகள் பெட்டி கட்டும் இடத்தில் பெரிலின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

இயக்குநர் தியோ, அவள் பேரன் வயதுப் பையன், பேனாவைக் கடித்தான்.

அப்போது இடது மூலையிலிருந்து, மூச்சும் குரலும் கலந்த ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"கப்பல் எத்தனை மணிக்குன்னு கேளும்மா."

பெரில் கேட்டாள். காட்சி ஓடியது.

முடிந்ததும் அவள், பிரதியைப் பார்த்து வசனம் எடுத்துக்கொடுக்கும் ஷீனாவிடம் போனாள். நாற்பது வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத பெண். ஒத்திகைக் காலமாதலால் அவள் மூலையில் இல்லை. கீழே பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துக்கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி கண்ணு."

"நான் எங்க கொடுத்தேன்? வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்களே பிடிச்சிட்டீங்களே."

"மூலையில யாரு இருந்தது?"

"மூலையிலயா? யாருமில்லையே பெரில்."

பெரில் மூலைக்குப் போனாள். முக்காலி காலியாக இருந்தது. காற்றில் சோம்பு மிட்டாய் வாசனை.

அவள் முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் கோராவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் காலத்தில் பெரில் வாரம் ஒரு நாடகம் என்று ஊர் ஊராகப் போகும் குழுவில் இருந்தாள். அப்பன் என்று சொல்லிக்கொள்ள ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையும் கூடவே வந்தது. மாலை முழுக்க இந்த மாதிரி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் சோம்பு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, மடியில் பிரதியை விரித்து, அம்மா தடுமாறினால் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்கும். ராணியின் வசனமானாலும் கொலைகாரியின் வசனமானாலும் கடைசியில் ஒரு 'ம்மா' சேர்த்துத்தான் கொடுக்கும்.

இந்த ஊருக்கு, இதே அரங்கத்துக்கு வந்தபோது ஒரு சாயங்காலம் கோரா தலை வலிக்கிறது என்றாள். பெரில் அவளை விடுதி வீட்டில், வீட்டுக்காரி மிஸஸ் கிரிம்ஷாவிடம் விட்டுவிட்டு வந்தாள். இடைவேளையில் மிஸஸ் கிரிம்ஷா பின்வாசலுக்கு போன் செய்தாள். காய்ச்சல் கொதிக்கிறது, டாக்டர் வந்திருக்கிறார், பிள்ளை அம்மாவைக் கேட்கிறது, உடனே வரச் சொல்லுங்கள்.

யாரும் பெரிலிடம் சொல்லவில்லை.

திரை இறங்கும்வரை நடிகரிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. அது அவர்கள் தொழிலில் எல்லோரும் காக்கும் மரியாதை. நல்ல மனசோடுதான் மறைத்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் பெரிலும் அதைத்தான் செய்திருப்பாள். அன்றைக்குப் போட்டது ஒரு நகைச்சுவை நாடகம். இரண்டாம் பாதியில் அவள் ஒரு அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு தும்ம வேண்டும். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. கைதட்டலுக்கு மூன்று முறை தலை வணங்கினாள். அதன் பிறகு சொன்னார்கள். செருப்பில்லாமல் ஓடினாள்.

கோரா அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

அதன் பிறகு பெரில் மேடை ஏறவே இல்லை. தொலைக்காட்சி அவளை எடுத்துக்கொண்டது. நர்ஸ் டாலியாக எத்தனையோ பேரின் கட்டிலருகே உட்கார்ந்தாள். சாகப்போகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, 'நான் இங்கேதான் இருக்கேன், எங்கேயும் போகல' என்று சொன்னாள். அதற்காக ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள். அதை அவள் குளியலறையில் வைத்திருந்தாள்.

இரண்டாம் வாரத்துக்குள் முழு வசனமும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

ஆனால் மறந்தாள். வேண்டுமென்றே மறந்தாள். நல்ல ஓட்டத்தில் போகும் காட்சியில் சட்டென்று நின்று, இடது பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

"சால்வையை எடுத்துக்கோன்னு சொல்லும்மா."

இன்னும் கொஞ்சம் நின்றாள்.

"ஜன்னல்கிட்ட போகணும்மா."

அந்தக் குரலுக்காக அவள் நாடகத்தையே கெடுத்துவிடத் தயாராக இருந்தாள். தியோ அவளை ஓரமாக அழைத்துப் போனான்.

"பெரில், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா முதல் நாள் ராத்திரி ஒரு தடவை நின்னாலும், மறுநாள்ல இருந்து உங்களுக்கு மாற்றா வச்சிருக்கிற ஜேனட்தான் நடிப்பாங்க. அவங்க இப்பவே தயார்."

"ஜேனட்டுக்கு இருமத்தான் தெரியும்."

"இருமினாலும் அடுத்த வசனம் வருது."

ஜேனட் வந்தால் தனக்கு மேடை இல்லை. மேடை இல்லாவிட்டால் மூலையும் இல்லை. தடுமாறாமல் நடித்தாலோ குரல் வராது. எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையை இழக்கத்தான் வேண்டும். கடைசியில் தடுமாறுவதில்லை என்று தியோவிடம் வாக்குக் கொடுத்தாள். பக்கத்திலேயாவது இருக்கலாமே என்றுதான்.

இன்னொன்றும் உண்டு. நாடகத்தின் கடைசி வசனத்தை முதல் நாளுக்கு முன்னால் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் நாடகம் விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே ஒவ்வொரு ஒத்திகையிலும் மகள் வாசலைத் தாண்டியதும் பெரில், "அவ்வளவுதான், எல்லாரும் டீ குடிக்கப் போங்க," என்று முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வசனம் பிரதியில் அச்சாகக் கிடந்தது. அந்தச் சுவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. செத்துப்போன டாலியைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது.

பெரில் தடுமாறவில்லை. ஒரு சொல் தப்பவில்லை. மூலையில் இப்போது ஷீனா, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பிரதியோடு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ஒரு கிசுகிசுப்பும் வரவில்லை. ஒவ்வொரு வசனமும் சரியாக வந்தபோது பெரிலுக்கு நெஞ்சு ஒரு முறை அறுந்தது.

கடைசிக் காட்சி. மகளாக நடித்த பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். மேடையில் பெரில் மட்டும். ஒரே ஒரு வசனம் பாக்கி. அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

வாய் திறந்தாள்.

சோம்பு வாசனை வந்தது.

அவள் வசனம் கேட்டு நிற்கவில்லை. தடுமாறவும் இல்லை. ஆனால் குரல் வந்தது.

"அம்மா. தலை ரொம்ப வலிக்குதும்மா."

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"எப்பம்மா வருவே?"

இது பிரதியில் இல்லை. அந்த இரவு மிஸஸ் கிரிம்ஷா வீட்டு மாடியில் பிள்ளை கேட்டு, யாரும் பெரிலிடம் கொண்டுவந்து சேர்க்காத வசனம் இது.

ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிவிட்டால் கைதட்டல், மேடை அவளுக்கு. தியோ பின்வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஜேனட் எங்கோ இருமினாள்.

பெரில் திறந்த வாயை மூடினாள். மேடையைக் குறுக்கே கடந்து, ஷீனாவின் தோளை உரசிக்கொண்டு, பின்வாசலை நோக்கி நடந்தாள். டெரெக் எழுந்து நின்றான்.

"இன்னும் திரை இறங்கலையே!"

"அன்னைக்கும் இறங்கலப்பா," என்றாள் பெரில். கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மீனவத் தாயின் சால்வையோடும் ஒப்பனையோடும், வந்த அன்று திரும்பிப் பார்க்காத அந்தத் தெருவுக்குள் ஓடினாள். அந்த வயதுக்கு அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். விடுதி வீடு இல்லை. இடித்து, கார் நிறுத்தும் இடமாக்கி வெகுகாலம் ஆகியிருந்தது. மாடி அறை இருந்த இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு நனைந்த பெஞ்சு.

"வந்துட்டேன்டா," என்றாள் பெரில் காலி இடத்தைப் பார்த்து. "அம்மா வந்துட்டேன்."

கார்களின் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் காத்திருந்தாள்.

அதற்குள் ஒரு கை வந்து புகுந்தது.

சின்னக் கை.

கொதித்தது.

பெரில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று பயம். விரல்களை மட்டும் மெல்ல மூடிக்கொண்டாள்.

"நாடகம் முடிஞ்சிடுச்சாம்மா?"

"இல்லடா. பாதியில வந்துட்டேன்."

"திட்டுவாங்களே."

"திட்டட்டும். நான் இங்கேதான் இருக்கேன். எங்கேயும் போகல."

எத்தனையோ பேரிடம் கேமராவுக்கு முன்னால் சொன்ன வார்த்தைகள். இப்போது சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கைக்குள் இருந்த சூடு மெல்ல மெல்ல இறங்கியது. காய்ச்சல் விட்டுச் சூடு இறங்குவது எப்படி இருக்கும், உயிர் விட்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று நர்ஸ் வேஷக்காரிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இது இரண்டாவது. முழுவதும் குளிர்ந்து, தன் விரல்கள் மழையை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரியும்வரை அவள் அசையவில்லை. அந்த இரவு அவளுக்குக் கிடைக்காமல் போன துக்கம் அது. இப்போது கிடைத்தது. அவள் அதை ஒரு சொட்டு விடாமல் அழுதாள்.

மறுநாள் மதியம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று அரங்கத்துக்கு வந்தாள். தியோ பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"ஒரு சொல் இல்லாம வெளியே போனீங்களே பெரில்! வெளியூர்ப் பத்திரிகைங்க எல்லாம் அதைத்தான் எழுதியிருக்கு. கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. தினமும் அப்படியே பண்ணுங்க. அந்த வசனமே வேண்டாம்."

பாராட்டு காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. பெரில் மேடைக்குப் போய் இடது மூலையைப் பார்த்தாள். வாசனை எதுவும் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தாள். அம்மா வந்துவிட்டாள் அல்லவா, இனி எதற்கு இருக்க வேண்டும்? நிம்மதி என்று அதைச் சொல்லலாம். அது இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஷீனா மேடையோரமாக, முன்வரிசை இருக்கைகளுக்கு அருகில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"ஏன் கண்ணு, பேயைப் பார்த்தவ மாதிரி நிக்கிறே?"

"காலையில சீக்கிரம் வந்தேன் பெரில். மேடையைக் கூட்டிக்கிட்டு இருந்தேன். யாருமே இல்ல." ஷீனா குரலைத் தாழ்த்தினாள். "அந்த மூலையில இருந்து யாரோ கடைசி வசனத்தைச் சொன்னாங்க. யாரும் சொல்லாத வசனம். சின்னப் பிள்ளைக் குரல்ல."

பெரில் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லிச்சு?"

"பிரதியில இருக்கிறதுதான். 'போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் விளக்கை எரியவிட்டே வைக்கிறேன்'." ஷீனா ஒரு முறை மூலையைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா கடைசியில ஒரு 'ம்மா' சேர்த்துச் சொல்லிச்சு. அது பிரதியில இல்ல."

பெரில் கையை எடுத்தாள். முக்காலி கொதித்தது.

மேடை நடுவில், கம்பின் உச்சியில், ஒற்றை பல்ப் எரிந்துகொண்டிருந்தது. டெரெக் காலையிலேயே பிடுங்கிப் போட்ட பிளக் தரையில் கிடந்தது.