ஒன்று ஐம்பது பஸ் மன்றம்

சண்முகவடிவுக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சிவந்துவிடும். அன்று காலை அறிவிப்புப் பலகைக்கு முன்னால் அவள் நின்றபோது மூக்கும் சேர்ந்து சிவந்திருந்தது.

பின்னே, சிவக்காமல் இருக்குமா? விவாத மன்றப் பட்டியலில் முதல் பெயரே அவளுடையதுதான். தரம் எட்டுப் பிள்ளை ஒருத்தி தரம் பத்து அண்ணன்மாரை எல்லாம் பேசித் தோற்கடித்துவிட்டாள் என்று போன மாதம் பாடசாலையே பேசியது. இப்போது அந்தப் பெயருக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘மூன்று பயிற்சிகளுக்கு வரவில்லை’ என்று ஒரு குறிப்பு. அடுத்த மாதக் கடைசியில் வலயமட்டப் போட்டி. பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் அதற்குப் போக முடியும்.

“போச்சு!” என்றான் றொக்சன். அவனும் வடிவும் ஒரே வகுப்பு, ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே பஸ்.

“ஒண்ணும் போகல. நான் டீச்சர்ட்ட கேக்கப் போறேன்” என்றாள் வடிவு.

கதை இதுதான். பாடசாலை ஒன்றரைக்கு விடும். பயிற்சி இரண்டிலிருந்து நான்கு மணி வரை. ஆனால் பாடசாலை இருக்கும் லிந்துலை டவுனிலிருந்து அவர்கள் தோட்டத்துக்குப் போகும் பஸ் ஒன்று ஐம்பதுக்கே கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். அதில் போய் இறங்கினால் இருட்டிவிடும். இறங்கிய பிறகு தேயிலைக்கு நடுவே நடை. சிறுத்தை நடமாடுகிறது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம் அது.

வடிவு ஒரு தடவை துணிந்து தங்கிப் பார்த்தாள். அன்று அவள் அம்மா ஜீவராணி டோர்ச் லைட்டும், சிறுத்தையை விரட்டத் தட்டும் தகர டின்னுமாகப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்றாள்.

“விவாதம் பண்றதுக்கு நீ முழுசா இருக்கணும்ல?” என்று கேட்டாள் அம்மா. அதற்குப் பிறகு வடிவு ஒன்று ஐம்பது பஸ்ஸை விடவில்லை.

விவாத மன்றத்துக்குப் பொறுப்பு சிசிலி டீச்சர். கெட்டவர் இல்லை. ஆனால் விதி என்றால் விதி என்று நிற்பவர்.

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் வடிவு” என்றார்.

“பஸ்ஸு எல்லாருக்கும் ஒண்ணு இல்லையே டீச்சர்!”

“தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சரிவராதும்மா. நீ படிப்பைப் பாரு, அது போதும்.”

போதுமாம்! வடிவுக்குக் காது சுட்டது. எது போதும், எது போதாது என்று இவளைக் கேட்டார்களா?

“டீச்சர், எங்கம்மா கொழுந்து பறிக்கிறாங்க. பறிச்ச கொழுந்தத் தராசுல போட்டு நிறுத்துப் பாத்துட்டுத்தான் கூடுதலு, கொறவுன்னு சொல்லுவாங்க. நிறுக்காமலே ‘ஒனக்குக் கொறவு’ன்னு யாராவது சொன்னா எங்கம்மா சும்மா விடமாட்டாங்க. நீங்க என் பேச்ச நிறுத்துப் பாக்கவே இல்ல. கோடு மட்டும் கிழிச்சிட்டீங்க.”

“அதிகப்பிரசங்கி! வகுப்புக்குப் போ!”

போனாள். ஆனால் அடங்கிப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்று பஸ் கிளம்பியதும் வடிவு நடுவில் எழுந்து நின்றாள். “சாரணர்ல யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டாள். ஒரு கையும் உயரவில்லை. “பாண்ட் வாத்தியத்துல? நாடகத்துல?” அதற்கும் இல்லை. “செஸ்?”

தரம் ஆறு லோஜன் பாதிக் கையைத் தூக்கினான். “நான் ஒரு நாள் போனேன்க்கா. குதிரைய எடுத்து வைக்கிறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.”

பஸ்ஸில் பாடசாலைப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். ஒருவர்கூட எந்த மன்றத்திலும் இல்லை. வடிவுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக முட்டியது.

“சரி. அவங்க மன்றத்துக்கு நம்ம போக முடியாது. இனிமே இந்த பஸ்ஸுதான் மன்றம்!”

“கிறுக்கா ஒனக்கு?” என்றான் றொக்சன்.

“அம்பது நிமிஷம் தூங்கி வழிஞ்சுக்கிட்டுத்தானே போறோம்? பேசிக்கிட்டுப் போவோம். எழும்புடா!”

முதல் தலைப்பு, ‘மழை நல்லதா, வெயில் நல்லதா’. றொக்சன் மழைக்குப் பேசினான். வடிவு வெயிலுக்குப் பேசினாள். கொண்டக்டர் அழகன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“இது பஸ்ஸா, பாராளுமன்றமா?”

இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் அவரே நேரக் காப்பாளர் ஆகிவிட்டார். பாலத்திலிருந்து கோயில் வளைவு வரை ஒருவருக்கு நேரம். வளைவு வந்ததும் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு. அதோடு பேச்சை முடித்துவிட வேண்டும்.

மைக் கிடையாது. ஏற்றத்தில் எஞ்சின் உறுமும், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அலறும். பேச்சுக் கேட்கவில்லை என்றால் கடைசி சீட்டிலிருந்து “சத்தம்! சத்தம்!” என்று கத்துவார்கள். மரக்கறிப் பையோடு வரும் பேச்சியம்மா அக்கா, “அந்தத் தம்பி சொல்றது சுத்தப் பொய்! விடாத புள்ள, பதில் சொல்லு!” என்று நடுவில் புகுவார். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் பாடசாலை அதிபரின் மேசைக்கு ஒரு கடிதம் போனது.

‘பெயர் வெட்டப்பட்டவர்களும், பெயர் எழுதப்படாதவர்களும் சேர்ந்த பஸ் மன்றம், பாடசாலை விவாத மன்றத்தை விவாதத்துக்கு அழைக்கிறது. இடம்: பிரதான மண்டபம். நேரம்: இடைவேளை. எங்களை நிறுத்துப் பாருங்கள்.’

கீழே இருபத்தாறு கையெழுத்துகள். சிசிலி டீச்சரின் முகம் கடுகடுத்தது. மன்றத் தலைவன் கிஷாந்துக்கோ சிரிப்பு வந்தது.

“வரட்டுமே டீச்சர். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்” என்றான்.

அதிபர் நடுவராக இருக்கச் சம்மதித்தார். ‘அதிகம் கற்றுத் தருவது வகுப்பறையா, வெளியுலகா’ என்பது தலைப்பு. கிஷாந்த் வகுப்பறைக்கு. வடிவும் றொக்சனும் வெளியுலகுக்கு.

கிஷாந்த் மைக்கைப் பிடித்து அழகாகப் பேசினான். மண்டபம் கைதட்டியது. றொக்சனும் சமாளித்துப் பேசி முடித்தான். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. தகரக் கூரையில் தடதடவென்று அடித்தது. கரண்டும் போய்விட்டது, மைக் செத்துப்போனது.

வடிவின் முறை. அவள் காலை அகட்டி நின்று, கடைசி வரிசையைப் பார்த்துப் பேசினாள். மழையைத் தாண்டிக்கொண்டு அவள் குரல் போனது.

“கேக்குது! நல்லாக் கேக்குது!” என்று பின்னாலிருந்து கத்தினான் லோஜன்.

முடிவுரைக்கு வந்த கிஷாந்தின் வாய் அசைந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

சும்மா இருந்திருந்தால் வடிவு அங்கேயே வென்றிருப்பாள். அவள் சும்மா இருக்கவில்லை. எழுந்து அவன் பக்கத்தில் போனாள்.

“அண்ணே, கால அகட்டி நில்லுங்க. வயித்துலயிருந்து பேசுங்க. கடைசி வரிசையில இருக்கிறவனத் திட்டுற மாதிரிப் பேசுங்க.”

“எனக்கு ஏன் சொல்லித் தர்றே?”

“தராசு ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி ஜெயிச்சு என்ன புண்ணியம்?”

கிஷாந்த் கத்திப் பேசினான். நன்றாகவே பேசினான். கடைசியில் அதிபர் எழுந்து, இரண்டே இரண்டு புள்ளியில் பஸ் மன்றம் வென்றதாகச் சொன்னார். லோஜன் கதிரையில் ஏறிக் குதித்தான்.

சிசிலி டீச்சர் பட்டியலையும் பேனாவையும் எடுத்தார். “நிறுத்துப் பாத்தாச்சு வடிவு. நான் செஞ்சது தப்புதான். ஒன் பேரத் திரும்ப எழுதுறேன். நீ மட்டும் ஐந்தரை பஸ்ல போறதுக்கு ஏதாவது வழி பண்ணுவோம்.”

வடிவு பட்டியலில் கோடு விழுந்த தன் பெயரைப் பார்த்தாள். அந்தப் பெயர் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. ராத்திரி கனவில்கூட வலயமட்ட மேடைதான் வந்தது.

“எம் பேரு மட்டும்னா வேணாம் டீச்சர்” என்றாள்.

றொக்சன் அவள் கையைக் கிள்ளினான். அவள் அசையவில்லை.

“நாங்க இருபத்தாறு பேரு இருக்கோம்.”

“இருபத்தாறு பேரும் போட்டிக்குப் போக முடியுமாம்மா?”

“போட்டிக்கு யார வேணும்னாலும் தெரிவு செய்யுங்க. பேசிப் பழக எல்லாருக்கும் எடம் வேணும். எங்களால இங்க தங்க முடியாது. ஆனா அந்த பஸ்ஸு மேல போயிட்டு மூணே முக்காலுக்கு டவுனுக்குத் திரும்பி வருது. நீங்க வரலாம்ல?”

சிசிலி டீச்சர் அவளைப் பார்த்தார். இருபத்தாறு பேரையும் பார்த்தார்.

“எனக்கு பஸ்ஸுல தலை சுத்தும்” என்றார் கடைசியில்.

“ஜன்னல் சீட்டுப் பிடிச்சு வைக்கிறோம் டீச்சர்!” என்றான் லோஜன். அதிபரே சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தார். அன்றே பட்டியலில் இருபத்தாறு பெயர்களும் ஏறின.

திங்கட்கிழமை ஒன்று ஐம்பதுக்கு சிசிலி டீச்சர் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸில் ஏறினார். பின்னால் கிஷாந்தும் டவுன் பிள்ளைகள் நான்கு பேரும் ஏறினார்கள்.

பாலம் வந்ததும் கிஷாந்த் கம்பீரமாக எழுந்து, “மதிப்புக்குரிய நடுவர் அவர்களே” என்று தொடங்கினான். பஸ் திரும்பியது. கிஷாந்த் நேராகப் போய்ப் பேச்சியம்மா அக்காவின் மரக்கறிப் பைமேல் விழுந்தான்.

“பரவால்ல தம்பி, எழும்பிப் பேசு” என்றார் பேச்சியம்மா அக்கா, தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே. “இன்னும் முப்பது வளைவு இருக்கு.”

அவன் எழுந்து, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினான். பதில் சொல்ல வடிவு எழுந்து நின்றாள்.