சுவரில் ஏறிய சாம்பல்

படத்தில் சுவர் வெள்ளையாக இல்லை. அதுதான் போட்டோக்காரருக்கு முதலில் உறுத்தியது.

டார்க்ரூமின் சிவப்பு விளக்கை நம்பக் கூடாது. அது கறுப்பைக் கூட்டிக் காட்டும். அதனால் போட்டோ பேப்பரின் சோதனைத் துண்டைக் கழுவி முடித்து, வெள்ளை விளக்கைப் போட்டு, மூக்கருகே பிடித்துப் பார்த்தார். அட்டையால் மறைத்து மறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிய துண்டு. வெளிச்சம் கூடக் கூடத் தாள் கறுக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் சுவர் வெறுமை. அடுத்ததில் ஒரு கறை. கடைசியில் அந்தக் கறைக்குத் தோள் இருந்தது.

"பழைய பேப்பரைத் தலையில கட்டிட்டான் படுபாவி," என்று கடைக்காரனைத் திட்டினார். தெருவில் அவருக்குச் 'சந்தேகம்' என்றுதான் பெயர். தராசை நம்ப மாட்டார், டாக்டரை நம்ப மாட்டார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த மனைவி காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததையும் நம்பாமல்தான் கேமராவை எடுத்தார். வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டிய படம்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கூடம் முழுக்க மதிய வெயில். அதே நாற்காலியில் அவள். பின்னால் வெறும் சுவர்.

"என்ன, இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்கிறீங்களா?"

"ஆமா. உன்னை நம்ப முடியுமா?"

"போங்க, போய்க் கழுவுற வேலையைப் பாருங்க. என்னைக் கிழவியா காட்டிடாதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டு முழுத் தாளை எடுத்தார். தட்டில் படத்தைத் துலக்கும் மருந்து மெல்ல அலைமோத, அதன் நெடி தொண்டை வரை இறங்க, முதலில் அவள் தலைமுடி வந்தது, பிறகு கண்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் சோம்பேறித்தனமாகச் சுவர். சுவரோடு சாம்பல் நிறத்தில் ஓர் ஆள், நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அவள் தோளில் விரல்களைப் பதித்துக்கொண்டு.

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, எங்கிருந்து காத்து வருது? தோளெல்லாம் சில்லுனு இருக்கு."

கண்ணாடி ஜன்னல்களை அவர்தான் சாத்தியிருந்தார்.

அடுத்த தாளுக்கு வெளிச்சத்தைக் குறைத்தார். சாம்பல் ஆள் மறைந்தான். கூடவே அவள் கன்னமும் வெளுத்தது. கண்கள் மட்டும் இரண்டு புள்ளிகளாக நின்றன.

"ஏங்க..." குரல் நூலாகத் தேய்ந்தது. "மூச்சு... வரலை."

ஓடலாம். ஓடி? வெளியே வெறும் சுவர். கண்ணுக்குத் தெரியாததை எங்கே பிடித்து இழுப்பது? இங்கேதான் தெரிகிறது. இங்கேதான் அழிக்க வேண்டும்.

ஹார்டு பேப்பர். அது சாம்பலை விட்டுவைக்காது. ஒன்று வெள்ளையாக்கும், இல்லாவிட்டால் கறுப்பாக்கும். நடுவே மயிரிழை. உதடு காய நொடிகளை எண்ணியபடி வெளிச்சம் காட்டினார். தாளை மருந்தில் போட்டார்.

தலைமுடி வந்தது. கன்னங்கரேலென்று. கண் வந்தது. கன்னம் வந்தது, சுருக்கத்தோடு, குழியோடு.

சுவர் வரவில்லை. வெள்ளை. சுத்த வெள்ளை. தோளில் விரல் இல்லை.

"ஏங்க!" குரல் கணீரென்றது. "இங்க வந்து பாருங்களேன்! நானே எழுந்து நிக்கிறேன்! யாரும் பிடிக்காம!"

நம்பினார். தாளை மருந்திலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெயில் அவரைத் தாண்டிப் போய்த் தட்டில் விழுந்தது.

மருந்துக் குளியல் முடியாத தாள். வெளிச்சம் பட்டால் முழுசும் கறுத்துப்போகும். தொழிலில் முதல் நாள் கற்கிற பாடம். கதவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

அவள் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். கை நீட்டி, சிரித்தபடி. அவளுக்குப் பின்னால், பட்டப்பகல் வெயிலில், வெள்ளைச் சுவரில் சாம்பல் ஏறியது. ஒரு தோள் அல்ல. சுவர் முழுக்கத் தோள்கள்.

"என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க?"

புடவை கறுத்தது. கன்னம் கறுத்தது. கண்ணின் வெள்ளையும். பல்லும்.

நீட்டிய கை மட்டும் தாழவில்லை.