கிறகோரியின் சேட்டு

மணல்மலையில் ஏறும்போது முகத்தில் வழிந்த மழைநீர் உப்புக் கரித்தது. கத்தரீனா முதலில் வியர்வை என்றுதான் நினைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வானத்திலிருந்து நேரே விழுந்த துளிகளை நாக்கில் ஏந்திப் பார்த்தாள். அதுவும் உப்பு.

“கடல்காத்தடி. அள்ளிக்கொண்டு வருகுது,” என்றாள் பின்னால் மூச்சிரைக்க வந்த லூர்த்தம்மா.

காற்றே இல்லை. பங்குனியில் யாரும் கேளாத மழை செங்குத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று பெரிய வெள்ளி. மணற்காட்டு ஊர் முழுதும் கோயிலுக்குள் இருந்தது. மணி அடிக்காத நாள் என்பதால் மரத்தட்டியைத் தட்டும் ஓசையும், பெண்கள் இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் ஒப்பாரியும் மழைக்குள்ளால் மேலே வந்தன. அந்தக் கூட்டத்திலிருந்து மூன்று பேர் நழுவி வந்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். லூர்த்தம்மா சிரட்டைகளை மடியில் கட்டியிருந்தாள். இராசாத்தியிடம் மண்வெட்டி. கத்தரீனாவின் சீலைக்குள் ஒரு குட்டை இரும்பு அலவாங்கு.

“அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கடி,” என்று இராசாத்தி சிரிக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

தை மாதம் கடலுக்குப் போன கத்தரீனாவின் புருசன் கிறகோரி திரும்பவில்லை. கவிழ்ந்த வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. கடல் ஆளைத் தராவிட்டால், அவன் உடுத்ததைப் பெட்டியில் வைத்து மணலில் அடக்கம் செய்வது ஊர் வழக்கம். சரி, வழக்கம்தான். வழக்கத்துக்கும் ஒரு பொறுமை வேண்டாமா? அவனுடைய தமையன் செபநாயகம் நிலவு தேயும் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. கூடப்பிறந்தவனாம்! “கடல் எடுத்தது எடுத்ததுதான்” என்று சொல்லி, தச்சனைக் கூப்பிட்டு ஆணி அறைந்து, கையைக் கழுவிவிட்டான். இரண்டு பேர் ஒற்றைக் கையால் அந்தப் பெட்டியைத் தூக்கிப்போனதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பல்லைக் கடிக்க வரும்.

உயிரோடு இருப்பவனின் உடுப்பைப் புதைத்தால் அவனுக்குக் கரை தெரியாது என்பார்கள். அன்றைக்கே அவள் அதைச் சொல்லிக் கத்தினாள். யார் கேட்டார்கள்? இன்று அந்த உடுப்பைத் தோண்டி எடுக்கத்தான் வந்திருந்தாள்.

வெள்ளைச் சேட்டைப் பெட்டியில் விரித்து, பொத்தான் பூட்டியது அவள்தான். ஆத்திரத்தில் ஒரு துளை மாறிப்போனது. கழுத்துப்பட்டி கோணலாக நின்றது. கிறகோரி இதைப் பொறுக்கவே மாட்டான். ஒன்று பிசகினாலும் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டுவான். அவள் கண்டும் திருத்தவில்லை. வந்து நீயே பூட்டு என்று மனதுக்குள் அவனோடு சண்டை பிடித்தாள்.

பெட்டியைப் புதைத்த இடத்தில் நட்டிருந்த சிலுவையடியில் தோண்டத் தொடங்கினார்கள். மற்ற இடத்தில் மழை மேல்தோலைத்தான் நனைத்திருந்தது. விரல் ஆழத்துக்குக் கீழே மணல் பொருபொருவென்று கிடந்தது. இங்கே தோண்டத் தோண்ட ஈரம் கூடியது. கரையில் அழுகும் பாசியின் நாற்றம் குழிக்குள்ளிருந்து எழும்பி மூக்கில் அடைத்தது. சிரட்டை பலகையில் தட்டியது.

மூவரும் குனிந்து பெட்டியின் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை.

“பாரமாக் கிடக்கடி,” என்றாள் இராசாத்தி.

“மணல் புகுந்திருக்கும்,” என்றாள் கத்தரீனா.

“ஆணி இறுகினபடி கிடக்கு. எங்காலை புகுறது?”

லூர்த்தம்மா எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டாள். “திறவாதை, கத்தரீனா. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வா, போவம்.”

“பயமெண்டால் போங்கோடி! உங்கடை புருசன்மார் வீட்டிலை இருக்கினம். எனக்கு என்ரை ஆள் வேணும்.”

லூர்த்தம்மா போய்விட்டாள். மணலில் சறுக்கி ஓடும் சத்தம் கேட்டது. இராசாத்தி மட்டும் அவளுடைய தோளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தரீனா அலவாங்கை மூடியின் இடுக்கில் செருகி மிதித்தாள். முதல் ஆணி முனகியது. பெட்டிக்குள் தண்ணீர் தளும்பியது. சின்ன அலை ஒன்று பலகையில் மோதித் திரும்பியது போல. பிறகு இன்னொன்று.

கீழே ஒப்பாரி நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

இரண்டாவது ஆணி. மூன்றாவது.

மூடி புரண்டது.

வெள்ளைச் சேட்டு. அவள் பூட்டியபடியே. அதே கோணல் கழுத்துப்பட்டி.

தட்டையாக விரித்துவிட்டுப் போன சேட்டு.

இப்போது தட்டையாக இல்லை.

கழுத்துக்கு மேலே ஈரமணல் மூடியிருந்தது. அந்த மணல் மெல்ல வெடித்தது. நெஞ்சு ஏறியது. இறங்கியது.

தோளிலிருந்த இராசாத்தியின் கை விலகியது. கத்தரீனா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதமாக அவளைத் தாங்கி நின்ற கோபத்தை எங்கும் காணவில்லை. கால்கள் மணலில் புதைந்துகொண்டிருந்தன.

“கிறகோரி,” என்றாள்.

சேட்டின் கைக்குள்ளிருந்து விரல்கள் வந்தன. வெளுத்தவை. நெடுநாள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியவை. அவை நெஞ்சின் மேலே ஊர்ந்து கழுத்தடிக்குப் போயின. மேல் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்தன.

கழற்றின.

அடுத்ததையும். அதற்கடுத்ததையும்.

பிறகு, ஒரு அவசரமும் இல்லாமல், கீழேயிருந்து ஒவ்வொன்றாக, அதனதன் துளையில் சரியாகப் பூட்டத் தொடங்கின.